சிறுமூளை பெருக்கித் தரப்படும்

போர்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. மஞ்சள் பின்னணியில் ஆளுயரக் கறுப்பு எழுத்துகள். 'சிறுமூளை' நேராக நின்றது. 'பெருக்கித்' கொஞ்சம் சாய்ந்தது. 'தரப்படும்' கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தது. எழுதியவர் கை கோணிவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை. மூளை வளர்வதற்கு அடையாளமாக எழுத்தே வளர்கிறது பாருங்கள் என்று வியந்து கொண்டார்கள்.

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகைக்கு மறுபடியும் நல்ல காலம். வரிசை வாசலில் தொடங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் நீண்டது. பரீட்சையில் கோட்டை விட்ட மகனைக் காதைப் பிடித்து இழுத்து வந்த அப்பா நின்றார். மாமியாரின் மறதியைக் குணப்படுத்த வந்த மருமகள் நின்றாள். மருமகளின் ஞாபகசக்தியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று விசாரிக்க வந்த மாமியாரும் அவளுக்குப் பின்னாலேயே நின்றாள். எல்லோரும் மூளைப் பேராசானைப் பார்க்க வந்தவர்கள். சரியாகச் சொன்னால், தங்கள் மூளையை அவர் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள்.

"பெருக்கித் தர்றதுக்கு மூளை என்ன வாசலா, தொடப்பத்தைத் தூக்கிட்டுப் போக?" என்று ஊரிலேயே ஒருத்திதான் கேட்டாள். அவளைப் பொம்மைக்காரி என்று கூப்பிடுவார்கள். பெரிய துணிக்கடை ஒன்றின் கண்ணாடி ஜன்னலில் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுவது அவள் வேலை. தொளதொளவென்ற சட்டையையும் பொம்மைக்கு மாட்டி, முதுகுப் பக்கம் நாலு குண்டூசி குத்தி, தெருவில் போகிறவர் அசந்து நிற்கும்படி காட்டிவிடுவாள். அதனால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. பளபளப்பாக எதைக் கண்டாலும் பின்பக்கம் போய் ஒரு தடவை பார்த்துவிடுவாள்.

அந்தக் கோணல் போர்டை எழுதியவர் வேறு யாருமில்லை, அவள் கணவர். கயிறு கட்டாமல், கோடு போடாமல், கண் அளவிலேயே நேராக எழுதக் கூடிய போர்டுக்காரர். சில மாதமாகத்தான் எழுத்து மலை ஏறத் தொடங்கியது. பிறகு நடையும் தள்ளாடியது, பேச்சும் குழறியது. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதரைப் பார்த்து, "காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?" என்று தெருவே சிரித்தது. பொம்மைக்காரி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா அவரை விரலால் மூக்கு நுனியைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்தில் போய் முட்டியது. படம் எடுத்துப் பார்த்ததும் இரண்டு கை முஷ்டியையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார்.

"இதுதான் பெருமூளைன்னு வச்சுக்கங்க. முன்னால யோசிக்கிறது, முடிவெடுக்கிறது. பக்கவாட்டுல கேக்கிறது, ஞாபகம் வச்சுக்கிறது. கண்ணு முன்னால இருக்கே தவிர, பாக்கிற வேலை நடக்கிறது பின்மண்டையில. இதுக்கெல்லாம் கீழ, பிடரிக்கு மேல, சிறுமூளை இருக்கு. அளவுதான் சின்னது. நிக்கிறது, நடக்கிறது, கை கோணாம எழுதறது எல்லாம் அது பாத்துக்குது. அங்கதான் ஒரு கட்டி இருக்கு. சாதுவான கட்டி, புத்துநோய் மாதிரி தெரியல. எடுத்துடலாம்."

"எடுக்கலைன்னா?" என்றாள் பொம்மைக்காரி.

"பக்கத்துலயே முகுளம் இருக்கும்மா. மூச்சு விடுறதையும் இதயம் துடிக்கிறதையும் அதுதான் நடத்துது. கட்டி வளந்து அதை நசுக்கினா, அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல. திங்கட்கிழமையே வந்துடுங்க."

இத்தனையும் கேட்ட போர்டுக்காரரின் காதில் நின்றது இரண்டே சொல். 'அளவுதான் சின்னது.' ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் முகம் சுருங்கிவிட்டது.

"ஊருக்கெல்லாம் எழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். எனக்குச் சின்ன மூளையாம்."

"ஏங்க, சிறுமூளை எல்லாருக்கும்தான் இருக்கு. அந்த டாக்டரம்மாவுக்கும் இருக்கு."

"அவங்களுக்கு இருந்துட்டுப் போகட்டும். எனக்கு எதுக்கு?"

இந்தப் புண்ணில் மிளகாய்ப்பொடி தூவ ஒருவர் வேண்டாமா? அவருடைய அண்ணன் வந்தார். தொழில், ஆடிட்டர். ஊரார் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறவர். ஆனால் பேராசான் சொல்வதை மட்டும் கூட்டிக்கூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டவர். 'பெருமூளையர்' என்று பொறித்த பித்தளை வில்லை ஒன்று அவர் சட்டைப் பையில் மின்னியது.

"நம்ம வம்சத்துலயே யாருக்கும் சிறுமூளை கிடையாது," என்றார் ஆடிட்டர். "ஆஸ்பத்திரிக்காரன் கத்தியைத் தீட்டிக்கிட்டு எதையாவது சொல்லுவான். எந்திரிடா, பேராசான்கிட்ட போவோம்."

"மாமா, டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"திங்கட்கிழமைக்குள்ள எல்லாம் பெருகிடும்மா."

போனார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் பதிவு மேஜையில் ஒரு பெண் இனிக்க இனிக்க விசாரித்தாள். வலி எங்கே, எப்போது, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று வாயைக் கிளறினாள். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, சட்டைக் காலரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். வேண்டுதல் போலிருக்கிறது என்று எல்லோரும் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள்.

மேடையின் ஒரு பாதியில் பேராசான் அமர்ந்திருந்தார். தரை வரை தொங்கும் பட்டுத்துணி போட்ட மேஜை, அதன்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பல்புகள் (சிவப்பு சிறுமூளைக்கு, பச்சை பெருமூளைக்கு), பக்கத்தில் ஒலிபெருக்கி. பெருக்குவதுதான் தொழில் என்று ஆனபிறகு ஒலியை மட்டும் விடுவானேன்? மறு பாதியில் கறுப்புத் திரையால் மறைத்த ஒரு கூண்டு. நோயாளி அதற்குள் உட்கார வேண்டும். வயர் தொங்கும் வெள்ளிநிற ஹெல்மெட்டைக் கூட வந்த உறவுக்காரரே தலையில் மாட்ட வேண்டும். பேராசான் நோயாளியைப் பார்க்க மாட்டார். பார்த்தால் அவர்களுடைய சிறுமூளை இவருடைய பெருமூளையை உறிஞ்சிவிடுமாம்.

முதலில் சொற்பொழிவு.

"மூளைன்னா மூணு!" என்றார் பேராசான். "அடியில இருக்கிறது முகுளம். முகுளம்னா என்ன? தமிழ் படிச்சவங்க சொல்லுங்க."

"மொட்டு!" என்றார் ஒரு வாத்தியார்.

"மொட்டு மலரணுமா, வேண்டாமா? மலர்ந்தா சிறுமூளை. சிறுமூளை பெருகினா பெருமூளை. உலகத்துல முக்காவாசிப் பேரு சிறுமூளையோடவே செத்துப் போறான்!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. இதே மூன்றையும் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும். பரீட்சை முடிந்த கையோடு பாடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போர்டுக்காரரின் முறை வந்தது. பொம்மைக்காரி அவரைக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெல்மெட்டை எடுத்தாள். தாடைப் பட்டி சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அதற்குள் வெளியே ஒலிபெருக்கி முழங்கியது.

"சிவப்பு! சிவப்பு எரியுது! சுத்தமான சிறுமூளை!"

பொம்மைக்காரி கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். கணவரின் வெறுந்தலையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது இன்னும் என் கையிலதான் இருக்கு."

"அப்ப அது உன் மூளையா இருக்கும்," என்றார் போர்டுக்காரர்.

பேராசான் தொடர்ந்தார். "பிடரியில வலி. காலையில வாந்தி. நடையில தள்ளாட்டம். ஆஸ்பத்திரியில கட்டின்னு சொன்னாங்க, இல்லையா மகனே? கட்டி இல்லடா அது. முளை! மூளையில வர்றது முளை! மூளை, முளை, எழுதிப் பாரு!"

போர்டுக்காரர் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார். 'மு'வுக்கும் 'மூ'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"முளை விடற நேரத்துல கத்தி வைக்க விட்றாதே," என்று முடித்தார் பேராசான். "தொடர்ந்து வா. பெருகிடும்."

வெளியே வந்ததும் பொம்மைக்காரி ஆடிட்டரிடம், ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்பே விளக்கு எரிந்த கதையைச் சொன்னாள். அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"வயர்லெஸ்ஸும்மா," என்றார்.

"மாமா, வயர் தொங்குதே?"

"அது சும்மா அலங்காரத்துக்கு."

அந்த வாரம் முழுக்க வீடு வீடாக இல்லை. போர்டுக்காரர் காலையில் எழுந்து வாந்தி எடுப்பார். அவள் தலையைத் தாங்கிப் பிடிப்பாள். "மூளை வளருது, வலிக்கத்தான் செய்யும்," என்று சிரிக்கப் பார்ப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறை வரை போக முடிந்தது. அவள் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். இந்த மனிதர் ஒரு சுழி வித்தியாசத்தில் செத்துப் போகப் போகிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் கோபப்படவில்லை.

"கத்தின்னா யாருக்குத்தாம்மா பயம் இல்ல? பயந்தவங்களைத் திட்டாதீங்க. ஆனா திங்கட்கிழமையைத் தள்ளிப் போடாதீங்க."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணவருக்குச் சிறுமூளை என்ற சொல்லில் ரோஷம் கொஞ்சம்தான், பயம்தான் அதிகம். பயப்படுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டவருக்குப் பேராசான் ஒரு கௌரவமான சாக்கைத் தைத்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சாக்கின் பின்பக்கத்தில் குத்தியிருக்கும் குண்டூசியை அவர் கண்ணாலேயே பார்க்க வைக்க வேண்டும்.

"ஏங்க, ஒரு பேச்சு," என்றாள். "என்கூட வேலை பாக்கிற ஒருத்தியைச் சனிக்கிழமை பேராசான்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவ தலைக்குள்ள என்ன இருக்குன்னு அவர் சரியாச் சொல்லிட்டா, நான் அப்புறம் வாயே திறக்க மாட்டேன். தப்பாச் சொன்னா, நீங்க திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"அவர் எங்க தப்பாச் சொல்லப் போறாரு? சரி."

ஆடிட்டருக்கோ தலைகால் புரியவில்லை. "இப்பத்தான் உனக்குப் பச்சை எரிய ஆரம்பிச்சிருக்கு," என்று தட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் கழுத்து வரை சால்வை போர்த்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, முகத்தை முகக்கவசம் மூடி, தலையைத் துணி சுற்றி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அவளிடம் தன் மருமகனைப் பற்றிய குறைகளை ஆதியோடு அந்தமாக ஒப்பித்தார். "நல்ல பொண்ணும்மா," என்று பொம்மைக்காரியிடம் சொன்னார். "என் பேச்சை இவ்வளவு பொறுமையா யாரும் கேட்டதில்ல."

பதிவு மேஜைப் பெண் இனிக்க இனிக்க ஆரம்பித்தாள். "இவங்களுக்கு என்னக்கா பிரச்சினை?"

"வச்ச இடத்துல வச்சபடி உக்காந்திருப்பாங்க. பேச மாட்டாங்க. சாப்பிட மாட்டாங்க. கண்ணு இமைக்க மாட்டாங்க. எந்த உடுப்பை மாட்டினாலும் வேண்டாம்னு சொன்னதில்ல."

"ஐயோ பாவம். எத்தனை நாளா?"

"வேலைக்கு வந்த நாள்லேருந்தே."

"தலையில அடிகிடி பட்டுதா?"

"மாடிப்படியில தவறி விழுந்தாங்க. அதுலேருந்து மறை கழண்டுருக்கு."

பதிவுப் பெண் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுக் காலரிடம் முணுமுணுத்தாள். பொம்மைக்காரி சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தக் கொட்டகையில் அன்று முழுக்க உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான்.

கூண்டுக்குள் நாற்காலியைத் தள்ளினாள். இந்த முறை பட்டி சிக்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்துவிட்டு ஹெல்மெட்டை ஒழுங்காக மாட்டி, தாடைப் பட்டியை இறுக்கிவிட்டு நின்றாள். முன்வரிசையில் அவள் கணவரும் ஆடிட்டரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிவப்பு!" என்றார் பேராசான். "பேச்சில்ல. சாப்பாடில்ல. இமையே ஆடல. விழுந்திருக்கு, தலையில அடி பட்டிருக்கு. மறை கழண்டுருக்கு!"

"அப்பப்பா!" என்றது கூட்டம்.

"ஆனா உள்ளே பாருங்க, சிந்தனை ஓடுது! ஓடிக்கிட்டே இருக்கு! இந்தப் பொண்ணு ரொம்ப யோசிக்குது. ஒரு ஆம்பளையை நம்பி ஏமாந்திருக்கு. அந்த ஏக்கம் முகுளத்துல போய் உறைஞ்சு கிடக்கு."

நாலைந்து பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதோ, மொட்டு மலருது. மஞ்சள்! சிறுமூளை பெருகுது, பெருகுது... பச்சை! பச்சை! அம்மா, திரையைத் தொறங்க. மகளே, ஹெல்மெட்டைக் கழட்டினதும் வாய் தொறந்து உன் பேரைச் சொல்லு!"

பொம்மைக்காரி திரையை இழுத்தாள். கண்ணாடியையும் முகக்கவசத்தையும் எடுத்தாள். பிறகு ஹெல்மெட்டைத் தூக்கினாள். பட்டி இறுகியிருந்ததால் தலையும் கூடவே வந்துவிட்டது.

கொட்டகை அலறியது. முன்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். மேஜையை விட்டுத் திரும்பிப் பார்க்காத பேராசான் மட்டும் உற்சாகம் குறையாமல், "பச்சை! இன்னும் பச்சை!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

பொம்மைக்காரி தலையைக் கவிழ்த்துப் பிடித்து, விரலால் தட்டினாள். டொக் டொக் என்றது. உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"குண்டூசி கிடக்கு. ஒட்டடை கொஞ்சம் இருக்கு. பெருமூளையைத்தான் காணோம். அண்ணே, யாராவது வந்து பாத்துச் சொல்றீங்களா?"

யாரும் வரவில்லை. அவளே மேடையின் மறு பாதிக்குப் போனாள். அவள் வழக்கம்தான் தெரியுமே, மேஜைக்குப் பின்பக்கம் போய்ப் பட்டுத்துணியைத் தூக்கினாள். பேராசானின் வெறுங்கால் ஒரு பலகை மேல் இருந்தது. பலகையில் மூன்று அழைப்புமணிப் பொத்தான்கள். அதில் ஒன்றைக் கட்டைவிரல் இன்னும் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது.

"மாமா," என்று ஆடிட்டரைக் கூப்பிட்டாள். "பெருமூளை இங்க இருக்கு. காலுக்கு அடியில."

பேராசான் சட்டென்று எழுந்து கைகளை விரித்தார். "பொம்மைக்கும் மூளை உண்டுன்னு உலகத்துலயே முதன்முதலாக் கண்டுபிடிச்சவன் நான்!"

வெட்கத்தைவிட்டுச் சொல்ல வேண்டுமானால், சிலர் கை தட்டினார்கள். "இருந்தாலும் இருக்கும்ப்பா," என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. ஆனால் பரீட்சையில் தோற்ற பையனின் அப்பா அதற்குள் மேடை ஏறிவிட்டார். மாமியாரும் மருமகளும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே கட்சியில் சேர்ந்து அவர் பின்னால் ஏறினார்கள். பேராசான் செருப்பைக்கூடத் தேடாமல் பின்வாசல் வழியாக ஓடினார். அவர் சிறுமூளை நன்றாக வேலை செய்திருக்க வேண்டும், அத்தனை இருட்டிலும் எதிலும் முட்டிக்கொள்ளவில்லை.

ஆடிட்டர் பித்தளை வில்லையைக் கழற்றி யாருக்கும் தெரியாமல் கால்சட்டைப் பைக்குள் போட்டார்.

போர்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழறிக் குழறிச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தார். கால் பின்னியது.

"இந்தா, என்னைப் பிடிச்சுக்கோ," என்றார். "விழுந்துடுவேன்."

அவள் பொம்மைத் தலையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தாங்கினாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. மண்டையைத் தொறப்பாங்களாம்."

"எனக்கும்தாங்க பயமா இருக்கு. ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம்."

திங்கட்கிழமை போனார்கள். கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்த நேரத்தை விவரித்து உங்களை அழவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கட்டி வெளியே வந்தது. அது முளைக்கவில்லை, எதையும் பெருக்கவில்லை, ஒரு சின்னப் புட்டியில் கிடந்து பரிசோதனைக்குப் போனது. சாதுவான கட்டிதான் என்று பதில் வந்தது. டாக்டரம்மா மறுபடியும் மூக்கைத் தொடச் சொன்னபோது முதலில் விரல் உதட்டில் பட்டது. சில வாரம் கழித்துக் கேட்டபோது நேராக மூக்கு நுனியில் போய் நின்றது. "எனக்குச் சிறுமூளைதான் டாக்டரம்மா," என்றார் போர்டுக்காரர் பெருமையாக. "நல்லா வேலை செய்யுது."

நடமாட்டம் வந்த பிறகு கொட்டகைக்குச் சொந்தக்காரர் அவரைத் தேடி வந்தார்.

"அந்த மூளை போர்டை அழிச்சுக் கொடுங்க. உள்ளங்கையை முகர்ந்து பார்த்தே ரத்தத்தைச் சுத்தம் பண்ற ஒருத்தர் வர்றாரு. இப்பவே ஏகப்பட்ட பேரு இடம் பிடிச்சுட்டாங்க. அவர் பேரைப் பெருசாப் போடணும்."

"யாரெல்லாம் இடம் பிடிச்சிருக்காங்க?"

"பாதிப் பேரு பழைய ஆளுங்கதான்."

போர்டுக்காரர் தூரிகையை எடுத்துக்கொண்டார். ஏணியைச் சாத்தினார். பொம்மைக்காரி அடியில் பிடித்துக்கொண்டாள். பழைய எழுத்தெல்லாம் மஞ்சளுக்கு அடியில் மறைந்தது. பிறகு கயிறு கட்டாமல், கோடு போடாமல் எழுதத் தொடங்கினார். எழுத்து ஒன்றுகூடச் சாயவில்லை. சொந்தக்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வதற்குள் தெருவில் போன பாதிப் பேர் நின்று படித்துவிட்டார்கள்:

'மூளை ஏற்கெனவே தரப்பட்டுள்ளது. பயன்படுத்தவும்.'